எட்டு வீட்டுக்கு ஒரு கூரை: கிளாஸ்கோவின் பழைய கட்டடங்களும் பொதுச் செலவும்

கிளாஸ்கோவில் ஒரு பழைய குடியிருப்புக் கட்டடத்தின் நிலைமை தெரிய உள்ளே போக வேண்டியதில்லை. மழை விட்டு அரை மணி நேரம் கழித்து எதிர்ச்சாரி நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். சுவர் பூராவும் ஒரு சீராகக் காய்ந்துகொண்டு வர, கூரை விளிம்பிலிருந்து இரண்டு மாடி இறக்கத்துக்கு ஒரு பட்டை மட்டும் கறுத்து நனைந்து நின்றால், அங்கே மழைநீர்ப் பீலி ஒழுகுகிறது. பட்டையில் பச்சைப் பாசி படர்ந்திருந்தால் ஒழுக்கு இன்று நேற்று தொடங்கியதல்ல. பீலிக்குள்ளிருந்து புல்லோ செடியோ தலைகாட்டினால், வேர் பிடிக்கும் அளவுக்கு அங்கே மண் சேர்ந்துவிட்டது.

அந்தப் பீலியை வாரி, ஒழுகும் இணைப்பை அடைக்கச் சில நூறு பவுண்டு ஆகும். கட்டடத்தில் எட்டு வீடு என்று வைத்துப் பங்கு போட்டால் ஆளுக்கு ஓர் இரவுச் சாப்பாட்டுக் காசு. விட்டுவைத்தால் சுவருக்குள் செருகியிருக்கும் மர உத்தரங்களின் முனை உளுத்து, தரையைப் பிரித்து, கூரையைப் பிரித்து, வீட்டுக்குப் பல ஆயிரம் பவுண்டு என்று போய் நிற்கும். இந்தக் கணக்கு தெரியாதவர் அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இருக்க மாட்டார். ஆனாலும் டெனிஸ்டவுனிலிருந்து கவன்ஹில் வரை தெருவுக்குத் தெரு ஈரப்பட்டைகள். ஆளைக் கூப்பிடுவது யார், காசை வசூலிப்பது யார் என்பது முடிவாகவில்லை, அவ்வளவுதான். அதை முடிவுக்குக் கொண்டுவர ஸ்காட்லாந்துச் சட்டத்தில் நல்ல வழிகள் இருக்கின்றன. பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

கட்டடத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்தப் பழைய குடியிருப்புக் கட்டடங்களுக்கு இங்கே டெனமெண்ட் என்று பெயர்; பெரும்பாலும் தரைத்தளத்தோடு சேர்த்து நான்கு தளம். தெருவாசலிலிருந்து பின்முற்றம் வரை போகும் பொது நடை, அதிலிருந்து ஏறும் கல் மாடிப்படி, எல்லாம் சேர்த்து 'க்ளோஸ்'. ஒரு படித்திருப்பத்துக்கு இரண்டு அல்லது மூன்று வீடு. இரண்டாம் மாடியில் முதல் வீடு என்றால் முகவரியில் 2/1. நகரத்தில் 1919க்கு முன் கட்டிய டெனமெண்ட் வீடுகள் மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல். முதலில் கிஃப்னாக், பிஷப்பிரிக்ஸ் போன்ற பக்கத்துச் சுரங்கங்களின் வெளிர்மஞ்சள் மணற்கல். 1890களை ஒட்டி ரயிலில் வந்திறங்கிய டம்ஃப்ரீஸ், எயர்ஷயர் பக்கத்துச் சிவப்பு மணற்கல். கெல்விங்க்ரோவ் அருங்காட்சியகத்தைக் கட்டிய லோக்கார்பிரிக்ஸ் கல்லும் இந்த வகைதான். நிறத்தை வைத்தே ஒரு தெருவின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம்.

அந்த எட்டு வீட்டுக்கும் எட்டு விதமான சொந்தக்காரர்கள். ஒருவர் அங்கேயே குடியிருப்பார். ஒருவர் வாடகைக்கு விட்டுவிட்டுத் துபாயில் இருப்பார். ஒன்று, குறைந்த வாடகைக்கு வீடு விடும் ஹவுசிங் அசோசியேஷனுடையது. தரைத்தளத்தில் ஒரு கடை. நான்காவது வீட்டுக்காரர் இறந்து, வாரிசு யாரென்று தெரியாமல் கிடக்கும். கூரைக்கு இத்தனை பேரும் பொறுப்பு.

தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது

கிளாஸ்கோவில் ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதுவும் 170 நாளை ஒட்டிப் பரவிப் பெய்கிறது. கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடிக்கிற மழை இல்லை. தென்மேற்கிலிருந்து காற்று தூறலைச் சுவரில் அறைந்துகொண்டே இருக்கும். சுவர் காய்வதற்கு இடைவெளி கிடைப்பது அபூர்வம் என்பதால் சின்ன ஒழுக்கும் இங்கே பெரிதாகிறது.

வார்ப்பிரும்புப் பீலி ஆறடித் துண்டுகளாக வரும். துண்டுகள் சேருமிடத்தில் ஒரு போல்ட், நடுவே புட்டி. முதலில் துருப்பிடிப்பது அந்த போல்ட்தான். புட்டி காய்ந்து விரிசல் விட்டதும் சொட்டு ஆரம்பம். செங்குத்தாக இறங்கும் குழாயில் இன்னொரு சங்கதி. சுவரை ஒட்டி இறுக்கிப் பூட்டியிருப்பதால் அதன் முதுகுப் பக்கத்துக்குப் பெயிண்ட் பிரஷ் போகவே போகாது. எல்லாத் தடவையும் முன்பக்கம் பளபளவென்று பெயிண்ட் ஆகும். முதுகில் துரு தின்று ஓட்டை விழும். தண்ணீர் நேரே கல்லுக்குள் போகும். குழாய்க்குப் பின்னால் கல் கறுத்திருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். மாற்றும்போது சுவரிலிருந்து விரல்கள் நுழையும் அளவுக்குத் தள்ளிப் பூட்டச் சொல்லுங்கள். பணம் அதிகம் கேட்காத திருத்தம்.

தெருமுகப்பில் பல கட்டடங்களுக்குத் தொங்கு பீலியே இருக்காது. மேலே துருத்தி நிற்கும் கல் விளிம்புக்குள் வாய்க்கால் வெட்டி ஈயத் தகடு பதித்திருப்பார்கள். கீழிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. ஈயம் வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்கி, நீளத் துண்டுகளாகப் போட்டிருந்தால் நடுவில் கிழியும். கிழிந்த இடத்துக்கு நேர் கீழே முகப்புச் சுவரும் ஜன்னலுக்கு மேலுள்ள உத்தரமும் இருக்கின்றன. வெளியே தெரிவது கல் உத்தரம். அதற்குப் பின்னால், பூச்சுக்குள் மறைந்து, ஒரு மர உத்தரம் உண்டு. சுவரிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் பே ஜன்னலின் மேல்மூலையில் பழுப்பு வளையம் தெரிந்தால் அந்த மரத்தைத் தட்டிப் பார்க்காமல் வெறும் பெயிண்ட் அடித்து மூடக் கூடாது.

கூரையில் இருப்பது ஸ்லேட், ஓடு போல அடுக்கும் மெல்லிய கல் பலகை. பழைய கட்டடங்களில் மேற்குக் கரை ஸ்லேட். அதில் பெயர்பெற்ற பாலாஹூலிஷ் சுரங்கம் 1955இலேயே மூடிவிட்டது. இப்போது கிடைப்பது இடித்த கட்டடங்களில் பிரித்தெடுத்தது, இல்லையென்றால் வேல்ஸிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ வருவது. ஸ்லேட் நூறு வருஷம் தாண்டியும் தாங்கும். ஆணி தாங்காது. ஆணி துருப்பிடித்து ஒன்றிரண்டு வருஷத்துக்கொரு முறை நாலைந்து ஸ்லேட் சரிந்தால் திரும்ப மாட்டிவிடலாம். ஒவ்வொரு புயலுக்கும் இருபது முப்பது இறங்குகிறதென்றால் ஆணிகளுக்கு ஒட்டுமொத்தமாக ஆயுள் முடிந்துவிட்டது. இனி ஒட்டுப் போடுவது பணத்தை மழையில் கரைப்பது. 1970, 80களில் மானியப் பணத்தில் கூரை மாற்றிய கட்டடங்கள் பலவற்றில் ஸ்லேட்டை எடுத்துவிட்டு கான்கிரீட் ஓடு போட்டார்கள். அவை ஸ்லேட்டைவிடக் கனம், அவற்றுக்கும் வயதாகிவிட்டது. உங்கள் கூரையில் எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு விலை கேளுங்கள்.

புகைபோக்கிகளை யாரும் நினைப்பதே இல்லை. 1968 ஜனவரி 15 அதிகாலைப் புயலில் உயிர்களைக் கொண்டுபோனது, கூரையைப் பிளந்துகொண்டு படுக்கையறைக்குள் விழுந்த புகைபோக்கிக் கல்தான். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் தார்ப்பாய் மூடிய கூரைகளோடு இந்த நகரம் இருந்தது. இன்று கரி அடுப்பு எரியவில்லை என்பதால் புகைபோக்கி தன் பாட்டுக்கு நிற்கிறது. மேலே மூடி இல்லாத குழாய் வழியாக மழை நேரே இறங்கி, அடைத்து வைத்த பழைய கணப்பின் சுவரில் ஈரமாக வெளிவரும். அது கூரை ஒழுக்கு என்று நினைத்து ஸ்லேட்காரரைக் கூப்பிட்டு, அவரும் வந்து நாலு ஸ்லேட்டை மாற்றிவிட்டுப் போய், ஈரம் அப்படியே இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

தண்ணீர் உள்ளே வந்தபின் என்ன? சுவர் ஏறக்குறைய இரண்டடிக் கனம். முழுக்க நனைந்த கல் சுவர் மாதத்துக்கு ஓர் அங்குலம் காயும் என்பது பழைய கட்டடக்காரர்களின் உத்தேசக் கணக்கு. அதாவது ஒழுக்கை அடைத்தாலும் உள்ளே கறை மறைய ஒரு வருஷத்துக்கு மேல் ஆகலாம். அவசரப்பட்டுப் புதுப் பூச்சுப் பூசினால் அதுவும் கறைபிடிக்கும். வேலை சரியில்லை என்று சண்டை வரும். தரை உத்தரங்களின் முனைகள் முன்சுவரிலும் பின்சுவரிலும் செருகியிருக்கின்றன. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி, காற்றும் போகாமல் இருந்தால் ட்ரை ராட் எனும் பூஞ்சை பிடிக்கும். பெயரில்தான் 'ட்ரை'. சாம்பல் நிற இழைகள் செங்கல்லையும் பூச்சையும் தாண்டி அடுத்த மரத்தைத் தேடிப் போகும். துருநிறப் பொடி மேஜை மேல் படிய ஆரம்பித்தால் பூஞ்சை காய்த்துவிட்டது. இரண்டு தளங்களுக்கு நடுவே சத்தம் கேட்காமலிருக்கச் சாம்பல் கொட்டி நிரப்பியிருப்பதால், தரையைப் பிரிப்பவர்கள் முதலில் மூட்டை மூட்டையாகச் சாம்பல் சுமக்க வேண்டும். செலவுச் சீட்டில் அந்த வரியைப் பார்த்துத் திகைக்காதீர்கள்.

ஈரமெல்லாம் மழை ஈரம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அலமாரிக்குப் பின்னால், வெளிச்சுவர் மூலையில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை இருந்தால் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே உண்டான நீராவி குளிர்ந்து படிந்தது: ஜன்னல் திறக்காமை, அறைக்குள் துணி உலர்த்துவது, ஹீட்டர் போடக் காசில்லாமை. பழுப்பு நிறத்தில், ஓரம் வைத்த வளையமாக, மழைக்குப் பின் விரிந்தால் அது வெளியிலிருந்து வருவது. வீட்டுக்காரர்கள் இரண்டாவதையும் முதலாவது என்று சொல்லி வாடகைக்காரர் தலையில் கட்டப் பார்ப்பதுண்டு. மழை நாளையும் வெயில் நாளையும் தேதியோடு படமெடுத்து வைத்தால் வாயடைக்கலாம்.

சிமெண்ட் என்கிற வில்லன்

சுண்ணாம்புக் காரையைப் பற்றி நம்மவர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. இந்தக் கட்டடங்கள் எல்லாமே சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பியவை. சாந்து கல்லைவிட மென்மையானது. கல் குடித்த நீரைச் சாந்து வழியாக வெளியே விடும். தேயும்போது சாந்து தேயும், கல் பிழைக்கும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தவர்கள் கற்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளைச் சிமெண்டால் பாயிண்டிங் செய்தார்கள், அதாவது அடைத்துப் பூசினார்கள். சிமெண்ட் நீரை விடாது. ஈரம் கல்லின் முகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். உப்பும் உறைபனியும் சேர்ந்து கல்லின் முகம் அடை அடையாக உதிர்கிறது. நடுவில் சிமெண்ட் கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டு சட்டம் போல நிற்கின்றன. எழுபது எண்பதுகளில் கரி படிந்த முகப்புகளை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தது இன்னொரு கேடு. கறுப்பு போயிற்று, கல்லின் மேல்தோலும் போயிற்று.

இப்போது விலைச்சீட்டில் 'பாயிண்டிங்' என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடக் கூடாது. சுண்ணாம்பா, எந்த வலிமைச் சுண்ணாம்பு, பழைய சிமெண்டை மெஷின் பிளேடு வைத்து அறுக்கப் போகிறார்களா, கையால் கொத்தி எடுக்கப் போகிறார்களா என்று எழுத்தில் கேட்க வேண்டும். பிளேடு ஒருமுறை நழுவினால் கல்லின் விளிம்பு நிரந்தரமாகப் போயிற்று. சுண்ணாம்பு வேலை 5 டிகிரிக்குக் கீழே இறுகாது; உறைபனி பட்டால் மாவாக உதிரும்; சாக்குத் துணி போட்டு ஈரம் காத்து மெதுவாகக் காய விட வேண்டும். ஆகவே ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை என்று கணக்கு வையுங்கள். நவம்பரில் வந்து செய்துதருகிறேன் என்பவர் சிமெண்ட் கலக்கப் போகிறார், அல்லது வசந்தத்தில் திரும்ப வந்து செய்யப் போகிறார்.

எட்டில் ஐந்து

2004 நவம்பர் 28 வரை, பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, கூரை மேல்மாடிக்காரர் பாடு. தன் வீட்டுக்கு நேர்மேலே இருக்கும் கூரை அவருடையது, பழுதும் அவருடையது. கீழே இருப்பவர்கள் அதைக் கெடுக்காதே என்று சொல்லலாம், காசு தர வேண்டியதில்லை. அந்தத் தேதியில் அமலுக்கு வந்த டெனமெண்ட் சட்டம் இதை மாற்றியது. கூரை, வெளிச்சுவர், அஸ்திவாரம், பாரம் தாங்கும் சுவர் எல்லாம் பொதுப் பராமரிப்புக்குள் வந்தன. உங்கள் ஜன்னல் உங்களுடையது. பலருக்குப் பொதுவான புகைபோக்கியில், உங்கள் வீட்டுக்கு எத்தனை புகைவழி போகிறதோ அந்த விகிதத்தில் உங்கள் பங்கு.

முதல் வேலை வீட்டுப் பத்திரத்தைப் படிப்பது. செலவுப் பங்கீட்டைப் பத்திரம் முழுமையாகச் சொல்லியிருந்தால் அதுவே செல்லும். அது சொல்லாத இடத்தை, அல்லது கூட்டிப் பார்த்தால் நூறு விழுக்காடு வராத இடத்தை, சட்டத்தின் பின்னிணைப்பான மேனேஜ்மெண்ட் ஸ்கீம் நிரப்பும். பழைய பத்திரங்களில் வீட்டின் அந்தக்கால வரி மதிப்பை வைத்துப் பங்கு பிரித்திருப்பார்கள். தரைத்தளக் கடைக்கு மூன்றில் ஒரு பங்கு விழுந்திருப்பதெல்லாம் உண்டு. கடைக்காரர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பத்திரம் பத்திரம்தான். ஸ்கீமின்படி என்றால் சமபங்கு. மிகப் பெரிய வீடு மிகச் சிறியதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் மட்டும் தரைப்பரப்பை வைத்துப் பிரிக்க வேண்டும்.

ஸ்கீமின்படி ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்: பெரும்பான்மை என்பது கூட்டத்துக்கு வந்தவர்களில் அல்ல, மொத்த ஓட்டில். எட்டு வீடு என்றால் ஐந்து ஓட்டு வேண்டும். நாலு பேர் கூடி நாலு பேரும் சரி என்றாலும் தீர்மானம் ஆகாது. கூட்டம் போடுவதானால் குறைந்தது 48 மணி நேரம் முன்னால் எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும். கூட்டமே வேண்டாம் என்றால் ஒவ்வொருவரையும் முடிந்தவரை கேட்டறிந்து ஓட்டு வாங்கலாம். துபாய்க்காரருக்கு மின்னஞ்சல் போதும். முடிவானதும் எல்லோருக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். பிடிக்காதவர் 28 நாளுக்குள் ஷெரிஃப் கோர்ட் எனும் உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போய் ரத்து கேட்கலாம் என்பதால், பெரிய வேலைக்கு அந்த நாள்கள் கழிந்தபின் ஆளை இறக்குவது புத்திசாலித்தனம். ஐந்து பேர் முறைப்படி முடிவெடுத்துவிட்டால் மற்ற மூவரும் கட்டியாக வேண்டும், வேண்டாம் என்று ஓட்டுப் போட்டிருந்தாலும்.

இந்த வழி பராமரிப்புக்கு மட்டும். இருப்பதைப் பழுது பார்ப்பது, மாற்றுவது, சுத்தம் செய்வது, பெயிண்ட் அடிப்பது. முன்பு இல்லாத அழகை உண்டாக்குவது இதில் வராது. விதிவிலக்காகக் கூரை இன்சுலேஷனும் வாசல் பஸ்ஸர் கதவும் உள்ளே வரும்.

ஐந்து ஓட்டும் கிடைக்காது, கூரை ஓட்டையோ பெரிசு என்றால் இரண்டு வாசல் திறந்திருக்கின்றன. ஒன்று அவசர வேலை. கட்டடத்துக்கோ ஆளுக்கோ ஆபத்து, முடிவெடுக்க நேரமில்லை என்றால் எந்த ஒரு வீட்டுக்காரரும் ஆளைக் கூப்பிட்டுச் செய்துவிட்டு, தீர்மானம் போட்டதைப் போலவே எல்லோரிடமும் பங்கு கேட்கலாம். புயல் இரவில் தார்ப்பாய் போட்டதற்கு இது பொருந்தும். மறுமாதம் முழுக் கூரையையும் மாற்றியதற்குப் பொருந்தாது. மற்றொன்று, கட்டடத்தின் தாங்குதலையும் மழைக்காப்பையும் பேணும் கடமை. இது ஒவ்வொரு சொந்தக்காரர் மேலும் தனித்தனியாக இருக்கிறது; இதைச் செய்ய வைக்கப் பெரும்பான்மை தேவையில்லை. வழக்கறிஞர் கடிதத்தில் இந்தக் கடமையை எடுத்துச் சொன்னதும் பல இழுபறிகள் தளர்வதுண்டு.

காசை முதலில் வாங்குங்கள்

வேலையை முடித்துவிட்டு வசூலிக்கப் போனால் முன்னால் நின்றவர் தலையில் கடன் விழும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரைத்தான் கூரைக்காரர் கேட்பார். மற்ற ஏழு பேரோடு அவருக்கு வழக்கு இல்லை. ஆகவே தீர்மானத்திலேயே, பங்கை முன்கூட்டிப் பராமரிப்புக் கணக்கில் போட வேண்டும் என்று சேர்த்துவிட வேண்டும். கணக்கை இயக்க இரண்டு பேர். என்ன வேலை, மதிப்பீடு எவ்வளவு, ஒவ்வொருவர் பங்கு எவ்வளவு, எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதை எழுத்தில் எல்லோருக்கும் அனுப்ப வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை 20,000 பவுண்டு என்று ஒருவர் சொல்கிறார். வாட் எனும் மதிப்புக்கூட்டு வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்; பழுது வேலைக்கு 20 விழுக்காடு, ஆக 24,000. எட்டாகப் பிரித்தால் 3,000. இதில் சாரத்தின் பங்கைத் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். நான்கு மாடி உயரத்துக்குச் சாரம் கட்டுவது பல நேரம் பழுதைவிட அதிகம் ஆகும். தெருப்பக்கம் என்றால் நகர நிர்வாகமான கவுன்சிலின் அனுமதி வேறு. சாரம் நிற்கும்போதே பீலி, குழாய், ஈயத் தகடு, புகைபோக்கி, மேல்மாடிப் பாயிண்டிங் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். இன்றைக்குப் பீலி, அடுத்த வருஷம் புகைபோக்கி என்று பிரித்தால் இரண்டு தடவை சாரக்காசு. நேர்மாறாக, வெறும் பீலி வாருவதற்குச் சாரம் போட்டு விலை தந்தால், தூக்கி மேடை வண்டியிலோ கயிற்றிலோ முடியாதா என்று கேளுங்கள். முன்னும் பின்னும் படம் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அறுபதடி உயரத்தில் தார் பூசி மறைத்ததும் ஈயம் போட்டதும் தரையிலிருந்து ஒன்று போலவே தெரியும்.

ஒருவர் கட்டவே மாட்டேன் என்கிறார், அல்லது ஆளையே காணோம். யாருடைய வீடு என்பதை நிலப் பதிவேட்டில் சில பவுண்டு கட்டித் தெரிந்துகொள்ளலாம். வாடகைக்கு விட்டிருந்தால் வீட்டுக்காரர் பதிவேட்டில் முகவரியைப் போட்டால் யாரென்று காட்டும். பெரும்பான்மைத் தீர்மானம் இருந்து, ஒரு பங்கு மட்டும் குறைந்தால், கவுன்சில் அந்தப் பங்கைத் தான் கட்டிவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. கட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கவுன்சிலுக்கு இல்லை. தாள்கள் ஒழுங்காக இருந்தால்தான் கோப்பு நகரும். ஓட்டு எண்ணிக்கை, அறிவிப்புக் கடிதம், விலைச்சீட்டுகள், கணக்கில் மற்றவர்கள் போட்ட பணம். 5,000 பவுண்டு வரையான பாக்கிக்கு ஷெரிஃப் கோர்ட்டில் சிம்பிள் ப்ரொசீஜர் என்ற வழி உண்டு. வழக்கறிஞர் இல்லாமலே போகலாம்.

பாக்கி வைத்தவர் வீட்டை விற்றுவிட்டு நழுவப் பார்த்தால்? செலவுப் பொறுப்பு அறிவிப்பு ஒன்றை நிலப் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள். வீடு கைமாறும் நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னால் அது பதிவில் இருந்தால், வாங்குகிறவரும் அந்தக் கடனுக்குப் பொறுப்பு. எந்த வழக்கறிஞரும் தன் கட்சிக்காரரை அதோடு வாங்க விடமாட்டார். விற்கும் பணத்திலிருந்து பாக்கி வந்துசேரும். மூன்று வருஷம் செல்லும், புதுப்பிக்கலாம். வீடு விற்பனைக்கு என்று விளம்பரப் பலகை கட்டியபின் ஓடுவதைவிட, பாக்கி விழுந்த வாரமே பதிவது நல்லது.

ஃபேக்டர்

எடின்பரோவில் ஃபேக்டர் இல்லாத கட்டடங்களே அதிகம். கிளாஸ்கோவில் ஃபேக்டர் வைப்பதுதான் ஊர்வழக்கம். கட்டடத்தை மேற்பார்த்து, சின்னப் பழுதுக்கு ஆளனுப்பி, மூன்று மாதத்துக்கொருமுறை பில் அனுப்பும் நிறுவனம் அது. 2012 அக்டோபரிலிருந்து ஃபேக்டர்கள் அரசுப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். நடத்தை விதித்தொகுப்பு ஒன்று உண்டு, 2021 ஆகஸ்டில் திருத்தியது. எந்த வேலையைத் தானே முடிவெடுத்துச் செய்யலாம், எத்தனை பவுண்டுக்கு மேல் உங்களைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவர் தரவேண்டிய சேவை அறிக்கையில் இருக்கும். பில்லைப் பார்த்துத் திட்டும் பலர் இந்த அறிக்கையைத் திறந்தே பார்த்ததில்லை.

ஃபேக்டரின் கை எங்கே நிற்கிறது என்பது முக்கியம். வரம்புக்கு மேல் போனால் அவர் கடிதம் அனுப்புவார், பெரும்பான்மைக்குக் காத்திருப்பார். மூன்று பேர் பதில் போடவில்லையென்றால் கோப்பை மூடிவைப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்கும் வேலை அதே மாடிப்படியில் ஏறி இறங்குகிற ஒருவரால்தான் நடக்கும். ஃபேக்டரே சரியில்லை என்றால் முதலில் அவருக்கே எழுத்தில் புகார், அது தீராவிட்டால் வீட்டுவசதித் தீர்ப்பாயம். மாற்றுவதற்குப் பத்திரம் என்ன சொல்கிறது என்று பார்த்து, ஓட்டெடுக்க வேண்டும். பழைய ஃபேக்டரிடம் இருக்கும் முன்பணத்தையும் கட்டடக் கோப்பையும் கேட்டு வாங்க மறக்கக் கூடாது. பழைய கூரைப் படங்கள் அந்தக் கோப்பில் இருக்கும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது, ஒழுக்கு மட்டும் உண்டு. வீடு மழை புகாமல் இருக்க வேண்டும் என்பது வாடகை வீடுகளுக்கான பழுதுத் தரத்தில் முதல் வரிசை விதி. வீட்டுக்காரருக்கு எழுத்தில் சொல்லி, நியாயமான காலம் விட்டு, நடக்கவில்லையென்றால் அதே தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் இல்லை. பொதுக் கூரை என்பதால் மற்ற சொந்தக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் சொல்லலாம். அப்படியென்றால் ஓட்டெடுத்ததற்கான தாள் எங்கே என்று கேளுங்கள்.

வீடு வாங்கப் போகிறவர்கள், விற்பவர் தரும் ஹோம் ரிப்போர்ட் எனும் வீட்டு நிலை அறிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். சர்வேயர் கூரையைத் தரையிலிருந்து கண்ணால் பார்த்து எழுதியதுதான் அது. 3 என்று குறித்தவை உடனே செய்ய வேண்டியவை, 2 என்பவை பின்னால் செய்ய வேண்டியவை. கூரைக்கு 2 போட்டிருந்தால் அந்தப் பின்னால் உங்கள் காலத்தில்தான் வரும். கூடவே விற்பவர் நிரப்பிய கேள்வித்தாள் இருக்கும். ஃபேக்டர் யார், நிலுவை உண்டா, கவுன்சில் நோட்டீஸ் வந்ததா என்ற பகுதியை முதலில் படியுங்கள். மேல்மாடிப் படித்திருப்பத்தில் நின்று மேலே பார்த்தால் கூரைக்குப் போகும் திறப்பும், படிக்கட்டுக்கு வெளிச்சம் தரும் கண்ணாடிக் கூரையும் தெரியும். அதன் ஓரங்களில் கறை இருந்தால் இந்த எட்டுப் பேரும் கடைசியாக எப்போது ஒன்றுகூடினார்கள் என்பதற்கு அதுவே பதில்.

2019இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர்களின் பணிக்குழு மூன்று விஷயம் கேட்டது: ஐந்து வருஷத்துக்கொருமுறை கட்டாயக் கட்டட ஆய்வு, எல்லா டெனமெண்டிலும் கட்டாயச் சொந்தக்காரர் சங்கம், பழுதுக்கென்று கட்டாயச் சேமநிதி. சங்கத்துக்கான சட்ட வடிவத்தை ஆராய்ந்து சட்ட ஆணையம் 2024இல் கலந்தாய்வுத் தாள் வெளியிட்டது. இந்த மூன்றில் ஆய்வுக்கு மட்டும் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. பழுது தேவையா என்று பார்க்க ஆளமர்த்துவதும் ஸ்கீமின் கீழ் ஒரு தீர்மானம்தான். எட்டில் ஐந்து ஓட்டு, செலவு எட்டுப் பங்கு. பழுதுக்குச் சரி சொல்லத் தயங்குகிறவர்கள்கூட ஆய்வுக்குச் சரி சொல்வார்கள், தொகை சிறியது என்பதால். அடுத்த கூட்டத்துக்கு அந்த அறிக்கையோடும் படங்களோடும் போகலாம். ஆய்வைப் பிப்ரவரிக்குள் முடித்தால் ஏப்ரலில் சாரம் கட்ட ஆள் கிடைப்பார். மே மாதம் போய்க் கேட்டால் நல்ல கல்வேலைக்காரர்கள் எல்லோரும் அந்த வருஷத்துக்கு ஒப்புக்கொண்டு முடித்திருப்பார்கள்.